பிரேக் குழாய்க்குள் ஒரு பின்னல்

மெக்கானிக் அண்ணன் பழைய பிரேக் ஹோஸைக் கழற்றி, பேஞ்சோ போல்ட் பக்கத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளிக் குறுக்கே வெட்டினார். கறுப்பு ரப்பர், அதற்குள் வெள்ளையாக ஒரு வளையம், மறுபடி ரப்பர், மறுபடி ஒரு வெள்ளை வளையம், அதற்குள் மெல்லிய ரப்பர், நடுவில் சின்ன ஓட்டை. வெள்ளையை நகத்தால் கிளறினால் நூல் பிரிந்து வந்தது. தறி ஊரான சென்னிமலைக்காரன் நூலைக் கண்டால் சும்மா போவானா? பிரேக் ஆயில் போகிற குழாயில் நூலுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "அதுதானுங்க தாங்குது" என்றார். அதற்கு மேல் அவருக்கு விளக்க நேரமில்லை. விடை தேடி நானே அலைந்தேன்.

வண்டி, அப்பா ஓட்டிய ஹீரோ ஹோண்டா சிபிசெட். 1999-இல் அது சந்தைக்கு வந்தபோது 156.8 சி.சி. இன்ஜினைவிட முன் சக்கரத்து 240 மி.மீ. டிஸ்க்கைத்தான் எங்கள் தெருவில் சுற்றி நின்று பார்த்தார்கள். அதற்கு முன்பே, ஜெர்மனியின் சுண்டாப் வடிவத்தில் என்ஃபீல்டு இந்தியா செய்த ஃபியூரியில் டிஸ்க் பிரேக் உண்டு. ஆனால் அந்த வண்டியைக் கண்டவர்களே குறைவு. 1983-இல் வந்த ராஜ்தூத் 350 இருக்கிறதே, அதன் மூலமான யமஹா ஆர்டி 350-க்கு வெளிநாட்டில் முன்பக்கம் டிஸ்க் இருந்தும், இங்கே டிரம்மோடுதான் விற்றார்கள். ஆக, பிரேக் ஹோஸ் என்கிற சாமான் நம் பக்கத்து மோட்டார் சைக்கிள்களில் சிபிசெட், பல்சர் காலத்தில்தான் பரவியது.

அந்த வண்டிகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஹோஸை மாற்றுங்கள் என்று பல கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கிறது. நாம் பேட் மாற்றுவோம், ஆயில் மாற்றுவோம், ஹோஸைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. முருகன் கோயில் மலைப்பாதையில் இறங்கும்போது எங்கள் வண்டியின் லீவர் கிட்டத்தட்ட கைப்பிடி வரை வந்தது. ஏர் எடுத்தும் சரியாகவில்லை. மெக்கானிக் என் விரல்களை ஹோஸின் மேல் வைக்கச் சொல்லிவிட்டு லீவரை இறுக்கினார். குழாய் பருத்து அடங்குவது விரலுக்குத் தெரிந்தது.

அந்தப் பருமன்தான் விஷயம். அமெரிக்கப் பாதுகாப்பு விதியில் ஒரு கணக்கு இருக்கிறது. உள்விட்டம் எட்டில் ஒரு அங்குலம் உள்ள ஹோஸ், சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு அழுத்தத்தில் ஓர் அடிக்கு 0.66 சி.சி.க்கு மேல் விரியக் கூடாது. கேட்க அற்பமான அளவு. ஆனால் லீவர் அழுத்துகிற அரை அங்குல மாஸ்டர் சிலிண்டரில் அந்த 0.66 சி.சி.யை ஈடுகட்ட பிஸ்டன் 5 மி.மீ.க்கு மேல் நகர வேண்டும். லீவரின் நுனியில் அது பல மடங்காகும். புது ஹோஸுக்கே இது என்றால், வெயிலில் காய்ந்து உள்ளுக்குள் தளர்ந்த பழைய ஹோஸ் எவ்வளவு விழுங்கும்! கை கொடுக்கிற அழுத்தம், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குப் போகாமல் வழியிலேயே குழாயை ஊதவைக்கச் செலவாகிறது.

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். அதை பிரேக்குக்குக் கொண்டுவந்து 1917-இல் காப்புரிமை பெற்றவர் மால்கம் லாக்ஹீட், விமானக் கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவர். 1921-இல் டூசன்பர்க் காரின் நான்கு சக்கரத்துக்கும் இந்த பிரேக் வந்தது. அந்தக் கால பிரேக் ஆயிலில் பெரும்பங்கு விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும். கசியாமல் அடைக்கத் தோல் வளையம் போட்டார்கள். அது கசிந்தது. கிரைஸ்லர் பொறியாளர்கள் அதை ரப்பராக மாற்றிய பிறகே பிரேக் நம்பிக்கைக்கு உரியதானது.

சக்கரம் மேலும் கீழும் ஆடும், ஹேண்டில் திரும்பும். எனவே இரும்புக் குழாயைக் கடைசி வரை கொண்டுபோக முடியாது, எங்காவது வளைகிற குழாய் வேண்டும். வளைகிற குழாய் அழுத்தத்தில் ஊதும். அதை ஊதவிடாமல் தடுக்க மனிதர்கள் கையிலெடுத்தது துணியைத்தான். ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டர் ஹைடன் 1672 வாக்கில் தீயணைக்கத் தோல் குழாய் செய்தார். பின்னால் வந்தவர்கள் நெய்த பருத்திக் குழாய்க்குள் ரப்பர் பூசினார்கள். நெசவு தாங்கும், ரப்பர் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும். மெக்கானிக் வெட்டிக் காட்டிய ஹோஸிலும் அதே வேலைப் பங்கீடுதான். பருத்திக்குப் பதில் ரேயான் போன்ற செயற்கை இழை, அவ்வளவே.

மெக்கானிக் மாட்டச் சொன்ன ஸ்டீல் ஹோஸ் இந்தக் குடும்பத்தின் இளைய வாரிசு. அதன் இரண்டு பாகங்களும் வெவ்வேறு ஊரில் பிறந்தவை. வெளிப்பின்னலான துருப்பிடிக்காத எஃகை 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கினார். உள்குழாயான டெஃப்லான் 1938-இல் அமெரிக்காவில் கிடைத்தது. டூபாண்ட் வேதியியலாளர் ராய் பிளங்கெட்டின் சிலிண்டரில் வாயு நிறைந்திருந்தும் வெளியே வரவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே மெழுகு போன்ற வெள்ளைப் பொடி. அநேகமாக எந்த ரசாயனத்துக்கும் மசியாத அந்தப் பொருளைக் குழாயாக்கினால் பிரேக் ஆயிலால் உப்பாது, ரப்பரைப் போல முதுமையடையாது. ஆனால் தனியாக அழுத்தம் தாங்காது. எஃகுக் கம்பிப் பின்னலை மேலே போர்த்தியதும் தாங்கியது. விமானங்கள் முதலில் எடுத்துக்கொண்டன, பிறகு பந்தய வண்டிகள். 1969-இல் ஸ்டூவர்ட் குட்ரிட்ஜ் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனியும் அதுபோன்றவையும் அதைச் சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு இறக்கின. அதன் பளபளப்பை நான் முதலில் பார்த்தது செட்டிபாளையம் பந்தயத் திடலில்.

புது ஹோஸை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். கைத்தறியில் போர்வை ஓட்டியே குடும்பத்தைக் கரையேற்றியவர். அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிற லென்ஸை எடுத்து ஹோஸின் மேல் கவிழ்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது தறி வேலை இல்லீங் மாப்ள. பாவு இல்ல, ஊடை இல்ல. எல்லா இழையும் சாய்வாத்தான் போகுது. நாடா பின்னுற மெஷின்ல போட்டது."

சரியாகச் சொன்னார். அந்த மெஷினில் நூல்கண்டு ஏந்திய தாங்கிகளில் பாதி வலமாகவும் பாதி இடமாகவும் ஒன்றையொன்று உள்ளும் புறமும் தாண்டிச் சுற்றும், நம் பின்னல் கோலாட்டத்தில் கயிறு பிடித்த பிள்ளைகள் சுற்றிவருவதைப் போல. நடுவில் மேலேறும் டெஃப்லான் குழாயின் மேல் கம்பி பின்னிக்கொண்டே போகும்.

பிறகு பேரனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை வாங்கிச் சாய்வை அளந்தார். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே நின்றது. அங்கேதான் நிற்கவும் வேண்டும். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீளவாக்கில் இழுப்பதைவிட இரண்டு மடங்கு பலமாகப் பக்கவாட்டில் தள்ளுகிறது. இரண்டையும் ஒரே இழை சமாளிக்க வேண்டுமானால் அது குழாயின் அச்சுக்கு 54.7 பாகைச் சாய்வில் ஓட வேண்டும். சாய்வு குறைந்தால் குழாய் பருத்துக் குறுகும், கூடினால் மெலிந்து நீளும். கம்பியின் பலம் ஒரு பங்கென்றால், அதைப் போட்ட கோணம் இன்னொரு பங்கு. பிரேக்கை முழுக்க இன்ஜினியர் சமாச்சாரம் என்று எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். நெசவாளிக்கும் பின்னல்காரனுக்கும் இதில் சம பங்கு உண்டு என்பதே நான் கண்டது.

ஸ்டீல் ஹோஸை மாட்டியதும் லீவர் கல் போல நின்றது என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பெருமையில் பாதி, பழைய ரப்பரைக் கழற்றியதற்குச் சேர வேண்டியது. புது ரப்பர் ஹோஸ் போட்டாலே பழைய வண்டி நன்றாக நிற்கும். ஸ்டீல் போட்டால் விரலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உள்ள தொய்வு இன்னும் குறையும், வருஷங்கள் போனாலும் அப்படியே இருக்கும். ஆனால் நிற்கும் தூரத்துக்குக் கடைசி எல்லை போடுவது டயரும் சாலையும்தான்.

கோவையில் மெஷின்களுக்கான ஹைட்ராலிக் ஹோஸை அளவுக்கு வெட்டி அமுக்கித் தருகிற கடைகள் நிறைய. விலை குறைவு என்று அதை பிரேக்குக்கு மாட்டிவிடாதீர்கள். மினரல் ஆயிலுக்கான அந்த ரப்பர், டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலில் ஊறி உப்பிவிடும். மேலே கம்பி மின்னுகிறதே என்று உள்ளே வெறும் ரப்பர் உள்ள ஹோஸையும் வாங்க வேண்டாம். கம்பிப் பின்னலுக்கு மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பாருங்கள். உறையில்லாத கம்பி, மட்கார்டு பெயிண்டை அரம் போல ராவிவிடும். பேஞ்சோ போல்ட்டின் இரு பக்கமும் புது காப்பர் வாஷர் போடச் சொல்லுங்கள். ஏர் எடுத்து முடிந்ததும் ஹேண்டிலை இரு கோடி வரை திருப்பி, ஃபோர்க்கை அமுக்கியும் முழுக்க நீளவிட்டும் பார்க்க வேண்டும். எந்த நிலையிலும் ஹோஸ் விறைத்து இழுக்கக் கூடாது, டயரிலோ கேபிளிலோ உரசக் கூடாது. எங்கள் வண்டியில் ஹெட்லைட் ஓரம் லேசாக உரசியது. ஒரு கிளிப் போட்டு விலக்கிக் கட்டினோம்.