மொட்டை மாடியில் தொடங்குங்கள்

திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரம் உச்சிப்பொழுதில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள். நிழல் கம்பின் காலடியிலேயே கிடக்கும். சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கிற நாள்கள் அவை. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு முறை அப்படி நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்துதான் விழும். தெற்குச் சுவரில் அப்போது வெயில் படுவதே இல்லை. காலை முதல் மாலை வரை ஓய்வில்லாமல் முழு வெயிலையும் வாங்குவது மொட்டை மாடி ஒன்றுதான். கரூர் பரமத்தி, வேலூர், திருச்சி, மதுரை என்று கடல்காற்று எட்டாத ஊர்களில் வீட்டைக் குளிர வைக்க நினைப்பவர்கள் முதலில் மாடிப்படி ஏற வேண்டும். கட்டட வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

ஆனால் பிள்ளைகள் முதலில் போவது ஏசி கடைக்கு. கரூர் பக்கம் புது வீடு கட்டிய என் தம்பி மகன் பங்குனியில் போன் செய்தான்.

"பெரியப்பா, மாடி பெட்ரூமுக்கு ஒன்றரை டன் போதுமா, ரெண்டு டன் வாங்கணுமா?"

"தளத்துக்கு மேல என்னப்பா போட்டிருக்கே?"

"ஒண்ணும் போடலை. வெதரிங் கோர்ஸ் எல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விட்டாச்சு."

இப்போது கட்டுகிற வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்று என் கண்ணுக்குப் படுகிறது. கையில் இருக்கிற பணம் முன்பக்க எலிவேஷனுக்கும், மாடுலர் கிச்சனுக்கும், தேக்குக் கதவுக்கும் போய்விடுகிறது. கடைசியில் மிச்சப்படுத்துவது யாரும் பார்க்காத மொட்டை மாடியில். வீட்டுக்குள் இருப்பவர்கள் ஆண்டில் நான்கு மாதம் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

வெறும் கான்கிரீட் தளம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள கருவி எதுவும் வேண்டாம். சித்திரையில் இரவு ஒன்பது மணிக்கு நாற்காலி போட்டு ஏறி, உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே காற்று ஆறத் தொடங்கியிருக்கும். கூரையோ இன்னும் சூடாகவே இருக்கும். பகல் முழுக்க வாங்கிய வெயிலை அந்த ஐந்து அங்குலத் தளம் மெதுவாகக் கீழே இறக்குகிறது. நீங்கள் படுக்கப் போகிற நேரத்தில் அது உங்கள் முகத்தின் மேல் அனலாக விழுகிறது. மின்விசிறி என்ன செய்யும்? கூரையடியில் தேங்கி நிற்கிற சூட்டுக் காற்றை அள்ளிக் கட்டிலின் மேல் கொட்டும். ஏசியும் முதல் இரண்டு மணி நேரம் அறையோடு போராடுவதில்லை, அந்தத் தளத்தோடுதான் போராடுகிறது.

எங்கள் தலைமுறை வீடுகளில் இதற்கென்று ஒரு வேலை உண்டு. தம்பி மகன் வெதரிங் கோர்ஸ் என்றதை நாங்கள் சுருக்கி போடுவது என்போம். செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு. சிமென்ட் ஒரு சட்டி கூடச் சேர்க்கக் கூடாது. கலவையைத் தளத்தின் மேல் மூன்று அங்குலக் கனத்துக்கு, தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்து விரிப்பார்கள். பிறகு பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஒருத்தி கையால் தெளித்துக்கொண்டே போவாள். ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. தட்டத் தட்டச் சுண்ணாம்புப் பால் மேலே வரும். கட்டை பட்டுத் துள்ளத் தொடங்கினால் தளம் இறுகிவிட்டது என்று கொத்தனார் நிறுத்தச் சொல்வார். அதற்கு மேல் தட்டோடு பதித்துச் சந்து பூசினால் வேலை முடிந்தது. அந்தப் பெண்களுக்குக் கிடைத்த கூலி மிகக் குறைவு. அவர்கள் கைவேலையில் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கின. அவர்களில் ஒருவரின் பெயரும் எந்தக் கட்டடத்திலும் இல்லை.

இன்று அப்படித் தட்ட ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. அதற்காக நான் பழசையே பிடித்துக்கொண்டு புலம்பப் போவதில்லை. சுருக்கி மட்டும் போதாது என்பதும் உண்மை. அது தண்ணீரை நன்றாகத் தடுக்கும். வெயிலை ஓரளவு தாமதப்படுத்தும், ஓரளவு குறைக்கும். வெப்பத்தை உண்மையாகவே நிறுத்துவதற்கு இப்போது நல்ல பொருள்கள் வந்திருக்கின்றன. எக்ஸ்பிஎஸ் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். நீலம், இளஞ்சிவப்பு என்று நிறங்களில் வருகிற கெட்டியான நுரைப் பலகை. 2018இல் மத்திய அரசு வீடுகளுக்காக 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக வெப்பம் கடத்தும் அளவு (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு இத்தனை வாட் என்ற கணக்கில்) 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளம் ஏறக்குறைய அதன் மூன்று மடங்கு கடத்தும். தளத்தின் மேல் ஓர் அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை பதித்தாலே அந்த வரம்புக்குள் வந்துவிடலாம். இரண்டு அங்குலம் போட்டால் அதில் பாதிக்கும் கீழே இறங்கும். முதலில் நீர்க்கசிவுத் தடுப்பு, அதன் மேல் பலகை, அதன் மேல் வாட்டத்தோடு காரை, கடைசியில் வெள்ளை நிற ஓடு. இந்த வரிசையை மாற்றச் சொல்கிற ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பலகை தளத்தின் மேலேதான் இருக்க வேண்டும் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? பத்து மீட்டர் நீளமான கான்கிரீட் தளம் முப்பது டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். பகலில் நீண்டு, இரவில் சுருங்கி, நாள்தோறும் இப்படி இழுபடும்போது சுவரும் தளமும் சேருகிற இடத்தில் கோடு போட்டதுபோல் ஒரு வெடிப்பு ஓடும். பல வீடுகளில் பட்டி பார்த்துப் பார்த்து மறைக்கிறார்களே, அதில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். மேலே காப்பு இருந்தால் தளம் அவ்வளவு சூடேறாது, வெடிப்பும் குறையும். உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்தால் உங்களுக்குக் கொஞ்சம் சூடு குறையும். தளம் வெயிலில் வெந்துகொண்டுதான் இருக்கும். சிலர் டிவி பெட்டியில் வருகிற சாதாரணத் தெர்மகோலை வாங்கி உள்கூரையில் ஒட்டுகிறார்கள். இதைச் செய்யவே வேண்டாம். ஒரு தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டும், அதன் புகை மூச்சை அடைக்கும். தூங்குகிறவர் தலைக்கு மேலே அதை வைக்கக் கூடாது.

பலகைக்கும் ஓட்டுக்கும் காசு இல்லை என்றால் சுண்ணாம்பு இருக்கிறது. இதைச் சொல்லும்போது "அவ்வளவுதானா?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். நல்ல வெள்ளைப் பரப்பு தன் மேல் விழுகிற வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். அழுக்கேறிய சாம்பல் நிறக் கான்கிரீட் அதே அளவை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து, தளத்தைச் சுத்தமாகக் கழுவி, வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பூச்சு அடித்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, மாசி கடைசியில் இதைச் செய்யுங்கள். தூசி படிந்தால் பலன் குறையும். நடுவில் ஒருமுறை கழுவிவிட வேண்டும். அகமதாபாத்தில் 2010இல் வந்த கடும் வெப்ப அலைக்குப் பிறகு 2013இல் ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள்; பின்னால் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலையையும் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. அரசாங்கங்களே சுண்ணாம்பு வாளியை மதிக்கத் தொடங்கிவிட்டன. நமக்கு என்ன தயக்கம்?

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. உங்கள் வீட்டை முதலில் படித்துப் பாருங்கள். தேக்கு உத்திரத்தின் மேல் குறுக்குக் கட்டைகள் போட்டு, செங்கல்லை நெட்டுக்குத்தாக மூலைவாட்டில் அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் வேய்ந்த மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால், அது ஏற்கெனவே கனமான காப்புதான். செட்டிநாட்டு வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: தடித்த சுவர், உயரமான கூரை, நடுவில் வானம் பார்த்த வளவு. மதிய வெயில் ஒன்றரை அடிச் சுவரைக் கடந்து உள்ளே வருவதற்குள் இரவாகிவிடும். அப்போது கதவைத் திறந்து விட்டுவிடலாம். அப்படிப்பட்ட வீட்டில் வளவை மூடிக் கண்ணாடி போடுவது, சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசுவது இரண்டும் கேடு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்க, சில ஆண்டுகளில் சுவர் பொருக்கு பொருக்காக உதிரும். மேலே புதிதாகக் கான்கிரீட் பாரமோ, மண் தொட்டியோ, பெரிய தண்ணீர் டேங்கோ ஏற்றுவதற்கு முன்னால், உத்திரத்தின் நுனி சுவருக்குள் செல்லும் இடத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மட்குவது அங்கேதான் தொடங்கும். அந்தக் கூரைக்கு வெள்ளையடித்து, உடைந்த தட்டோட்டை மாற்றி, வாட்டத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் போதும்.

நாட்டு ஓட்டு வீடும் அப்படித்தான். ஓட்டின் மேல் ஓடு கவிழ்ந்திருக்கிற சந்துகளில் நிற்கும் காற்றே வெயிலைத் தடுக்கிறது. அதைப் பிரித்துத் தகரம் போட்டவர்கள் ஒரே கோடையில் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். தகரத்துக்கும் நல்ல இடம் ஒன்று உண்டு. கான்கிரீட் தளத்துக்கு மேலே, பக்கங்களைத் திறந்துவிட்டு, ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிப் போடுகிற கொட்டகை. தளத்துக்கு நிழலும் கிடைக்கும், நடுவில் காற்றும் ஓடும். பக்கங்களை அடைத்து அறையாக்கினால் அந்தப் பலன் போய்விடும்.

அடுத்தது மேற்குச் சுவர். பிற்பகல் மூன்று மணி வெயில் சாய்வாக வந்து அதில் அறைகிறது. ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு தெற்கே நன்றாகப் பயன்படும். மேற்கே சூரியன் அதற்குக் கீழே இறங்கி நேராக உள்ளே பார்க்கும். அங்கே தேவை வெளியே தொங்குகிற மூங்கில் தட்டியோ, பந்தலில் ஏறிய கொடியோ. உள்ளே திரை போடுவது இரண்டாம்பட்சம். கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில்தான். இடம் இருந்தால் மேற்கே பதினைந்து, இருபது அடி தள்ளி ஒரு புங்கை நடுங்கள். இலையுதிர்த்துச் சித்திரைக்கு முன்பே புதுத் தளிரோடு அடர்ந்து நிற்கும். புதிதாகக் கட்டுபவர் மேற்குச் சுவருக்கு மட்டுமாவது ஏஏசி பிளாக் என்ற லேசான நுண்துளைக் கான்கிரீட் கல் வைக்கலாம். செங்கல் கடத்துவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வெப்பத்தையே அது கடத்தும். அல்லது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய 'ரேட் டிராப்' கட்டு கட்டலாம். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கல்லும் நாலில் ஒரு பங்கு மிச்சம்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்தால் பயன் இல்லை. கடலோரத்துக்காரர் காற்றுக்காகத் திறந்து வைப்பார். அது அந்த ஊர் நியாயம். உள்நாட்டில் காற்று வறண்டது. பகலில் நாற்பதைத் தொட்டாலும் விடியற்காலையில் இருபத்தெட்டுக்கு இறங்கும். ஒன்பது மணிக்கு மேல் மேற்கு, கிழக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். கொசுவுக்கு வலை அடியுங்கள், திருடனுக்குக் கம்பி போடுங்கள். அந்த இரவுக் காற்றை மட்டும் இழக்காதீர்கள். காப்பு போட்ட வீட்டை இரவிலும் பூட்டியே வைத்தால், பகலில் உள்ளே சேர்ந்த சூடும் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பதும் ஏர் கூலரும் நம் ஊர்களில் நன்றாகப் பலன் தருவது இந்த வறட்சியால்தான்.

இதையெல்லாம் இவ்வளவு வலியுறுத்த எனக்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குப் போகிறவர் பகலில் ஆபீஸ் ஏசியில் இருக்கிறார். வீட்டில் தங்குவது கைக்குழந்தையும், அடுப்படியில் நிற்கிற பெண்ணும், எங்களைப் போன்ற வயதானவர்களும். வயதானால் வியர்ப்பது குறையும், தாகமும் தெரியாது. உடம்பு சூடேறுவதை உடம்பே சொல்லாது. பகல் சூட்டிலிருந்து உடம்பு மீள்வது இரவுத் தூக்கத்தில். அந்த இரவிலும் கூரை சுட்டால் மீள வழியே இல்லை. பிள்ளைகள் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு, "அப்பாவுக்கு மாடியில் தனி ரூம், அட்டாச்டு பாத்ரூம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மே மாதம் அப்பாவைக் கீழே அழைத்து வந்து படுக்க வையுங்கள். மண்ணோடு ஒட்டிய தரை எப்போதும் மாடியைவிடக் குளிர்ச்சி.

மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்களிடமும் பேச வேண்டும். உங்கள் தளத்தின் சூடு உங்களுக்குத் தெரியாது, மேலே குடியிருப்பவருக்குத் தெரியும். கரண்ட் பில் அவர் கட்டுகிறார் என்பதால் தளத்தை அப்படியே விட்டுவிடுவது நியாயமில்லை, கூரை உங்களுடையது. குடித்தனக்காரர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் பலரும் கேட்பதில்லை. வெள்ளையடிப்பதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு மாத வாடகையைக்கூட எட்டாது.

எதைச் செய்வதானாலும் தை, மாசியில் தொடங்குங்கள். மழை ஓய்ந்து தளம் நன்றாகக் காய்ந்திருக்கும், கசிவு எங்கே என்று கறையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சுண்ணாம்பு வேலை மெதுவாக இறுக வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் போட்டால் ஈரம் சட்டென்று வற்றி வெடிப்பு விடும். சித்திரையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சூடு உறைக்கும், கொத்தனாரும் கிடைக்க மாட்டார். என் தம்பி மகனிடம் ஏசியைச் சற்றுத் தள்ளிப்போடச் சொன்னேன். அந்தப் பங்குனியிலேயே இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்துவிட்டு, தை பிறந்ததும் பலகையும் ஓடும் பதித்தான். ஒரு டன் ஏசியே அந்த அறைக்குப் போதுமானதாக இருக்கிறது.