நகத்துக்குப் புரண்ட பக்கம்

ரொறன்ரோ, 28 டிசம்பர் 2011



நத்தார் முடிந்த மறுநாள் இந்த ஊர்க் கடைகளுக்குத் திருவிழா. பொக்சிங் டே என்று பெயர். விடிய முன்னரே வாசலில் வரிசை நிற்கும், நல்லூர்த் தேருக்கு இடம்பிடிக்கிற சனம் மாதிரி, ஆனால் கையில் கோப்பியோடு. எனக்கு வாங்க ஒன்றுமில்லை. மகனுக்குக் கணினிக்கு ஏதோ வயர் வேண்டுமென்றான், கூடப் போனேன். அவன் வயரைத் தேடி உள்ளே போய்விட்டான். நான் கதவடி மேசையில் மாட்டிக்கொண்டேன்.

மேசையில் கம்பி போட்டுக் கட்டிய சின்னப் பலகைகள் நாலைந்து கிடந்தன. மின்வாசிப்பான்கள். ஒன்றில் ஆங்கில நாவல் ஒன்றின் பக்கம் தெரிந்தது. வெளிச்சமுமில்லை, பளபளப்புமில்லை. செய்தித்தாள் நிறத்தில் ஒரு தாள், அதன்மேல் கருப்பு எழுத்து. இங்கே கைபேசிக் கடைகளில் வெறும் பொம்மைக் கைபேசியை வைத்து, திரை இருக்கவேண்டிய இடத்தில் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டியிருப்பார்கள். இதுவும் அந்தச் சங்கதிதான் என்று நினைத்தேன். ஸ்டிக்கருக்குக் கீழே உண்மையான திரை எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை. வலது ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாகச் சுரண்டினேன்.

பக்கம் புரண்டது.

கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தேன், யாரும் கவனிக்கவில்லை. திரும்பவும் சுரண்டினேன். இன்னொரு பக்கம்.

பிறகு கூச்சம் போய்விட்டது. கையுறையைப் போட்டுக்கொண்டு தொட்டேன், புரண்டது. இந்தக் குளிரில் கைபேசி மணியடித்தால், கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினால்தான் பேசலாம், ஏனென்றால் அந்தத் திரை தோலை மட்டும்தான் மதிக்கும். இது எதையும் மதித்தது. பேனா மூடியை மதித்தது. கோட்டுக் கையின் நுனி தற்செயலாகப் பட, நான் வாசிக்காமலே மூன்று பக்கம் போய்விட்டது.

காரணத்தை மகன்தான் சொன்னான். திரையைச் சுற்றியிருக்கும் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. எது குறுக்கே போய் மறித்தாலும், மறித்த இடத்தைக் கருவி கணக்குப் பார்த்துக்கொள்கிறது. திரையை உண்மையில் தொடவேகூட வேண்டாம், ஒட்டினாற்போல் விரலைக் கொண்டுபோனால் போதும். முதலில் வந்த தொடுதிரை வாசிப்பான்களில் தொடுகைக்கென்று ஒரு படலத்தை எழுத்தின்மேல் போர்த்தியிருந்தார்களாம். கண்ணாடி போட்ட படத்தைப் பார்ப்பதுபோல் மினுங்கி, எழுத்தும் மங்கியதாம். இந்தக் கருவிகளில் எழுத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் அந்தப் படலம் இல்லை. நான் ஸ்டிக்கர் என்று ஏமாந்ததும் அதனால்தான்.

அந்த எழுத்தின் கதையும் சுவையானது. தலைமயிர் அகலமே உள்ள நுண் உருண்டைகள் திரை முழுக்க நிரம்பியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகளும் கருப்புத் துகளும். வெள்ளைக்கு ஒருவகை மின்னேற்றம், கருப்புக்கு அதற்கு நேர்மாறானது. அடியிலிருந்து மின்சாரம் இழுக்கிற பக்கம் ஒன்று தாழ, மற்றது மேலே வரும். மேலே வந்தது அங்கேயே நிற்கும். பக்கம் மாற்றும்போதுதான் மின்சாரம் வேண்டும், நிற்பதற்கு வேண்டாம். பற்றரி செத்துப்போனாலும் கடைசிப் பக்கம் அப்படியே இருக்கும். எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் இதைக் கண்டுபிடித்தவர்கள் 1997இல் கம்பனி தொடங்கினார்கள். 2004இல் சோனி யப்பானில் இந்தத் திரையோடு முதல் வாசிப்பானை விற்றது. 2007இல் கிண்டில் வந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. எங்கள் ரொறன்ரோவுக்கும் இதில் பங்குண்டு. கோபோ இந்த ஊர்க் கம்பனி, ஆங்கிலத்தில் புத்தகம் என்ற சொல்லின் நாலு எழுத்தையும் குலைத்து வைத்த பெயர். அதை யப்பானின் ரக்குட்டென் 315 மில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கப்போவதாக 2011 நவம்பரில் செய்தி வந்தது. மேசையில் கிடந்தவற்றில் கோபோவும் இருந்தது, சோனியும் இருந்தது. நான் சுரண்டியது எதை என்று சொல்லமாட்டேன்.

குறை இல்லாமலில்லை. சில பக்கத்துக்கு ஒருமுறை திரை முழுக்கக் கருப்பாகி ஒரு கண் சிமிட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கம் வருகிறது. இடையில் முன்பக்கத்து எழுத்தின் நிழல் லேசாகத் தங்கிவிடுகிறது, மெல்லிய தாளில் மறுபக்கத்து அச்சு தெரிகிற மாதிரி. இரண்டுமே எனக்குப் பெரிய தொந்தரவாகப் படவில்லை. ஒரு சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதிப் பொருள் வந்து நிற்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆங்கிலப் பத்திரிகையையும் அகராதியையும் இரண்டு முழங்காலில் வைத்துக்கொண்டு படித்தவன் நான். அந்தச் சொல் வித்தையை மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை செய்து பார்த்தேன்.

ஆனால் இதெல்லாம் ஆங்கிலம். தமிழ் காட்டுமா?

விற்பனைக்கு நின்ற பெண்ணிடம் கேட்டேன். நல்ல பிள்ளை. பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன் என்று ஒப்பித்துவிட்டு, தமிழ் எங்கே பேசுகிறார்கள் என்று கேட்டாள். இந்தக் கடையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பேசுவார்கள் என்றேன். தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் அது பகிடியில்லை.

நேற்று, மகனுக்குச் சொல்லாமல், 54ஆம் இலக்க பஸ் பிடித்துத் திரும்பவும் போனேன். சட்டைப்பையில், அவனுடைய பழைய கைபேசியிலிருந்து கழற்றிய விரல்நகம் அளவு நினைவு அட்டை. அதில் இரண்டு கோப்பு ஏற்றியிருந்தேன். ஒன்று மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்த திருக்குறள், தட்டெழுதிய பிரதி. 1998இலிருந்து ஊர் ஊராக இருந்து தன்னார்வலர்கள் தட்டெழுதிச் சேர்க்கும் களஞ்சியம் அது. மற்றது நூலகம் தளத்திலிருந்து இறக்கிய பழைய ‘மல்லிகை’ இதழ். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி வைக்கிறார்கள். பலகையின் விளிம்பில் அட்டைக்கு இடமிருப்பதை முதல்நாளே பார்த்து வைத்திருந்தேன். களவு செய்கிறவன் மாதிரி அங்குமிங்கும் பார்த்துச் செருகினேன்.

திருக்குறளைத் திறந்தேன். கட்டம், கட்டம், கட்டம். குறளுக்கு ஏழு சீரும் அளவு தப்பாமல் வெற்றுக் கட்டங்களாக நின்றன. இடைவெளி இருந்தது, முற்றுப்புள்ளி இருந்தது, வள்ளுவர் இல்லை. அந்தக் கருவிக்குள் தமிழ் எழுத்துரு இருக்கவில்லை. எழுத்துரு இருந்தாலும் கொம்பையும் காலையும் இடம்பார்த்துப் பூட்டத் தெரியவேண்டும்.

மல்லிகையைத் திறந்தேன். கொஞ்சம் யோசித்தது. கருப்பாகிக் கண் சிமிட்டியது. வந்துவிட்டது!

எழுத்து எறும்பு அளவுதான். பெருப்பித்து விரலால் இழுத்தால் திரை திக்கித் திக்கி வந்தது. ஆனாலும் டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, தானே கையில் கொண்டுதிரிந்து விற்ற இதழின் பக்கம்தான். பழுப்புத் தாளின் நிழல், அச்சுக்கோத்தவர் கைதவறித் தலைகீழாய் வைத்த ஓர் எழுத்து, யாரோ ஒரு வாசகர் ஓரத்தில் பென்சிலால் போட்ட கோடு எல்லாம் சாம்பல் நிறத்தில் அப்படியே. கருவிக்கு அது எழுத்தில்லை, வெறும் படம். தமிழ் எழுத்தாகப் போனால் வாசலில் மறிக்கிறது, புகைப்படமாகப் போனால் உள்ளே விடுகிறது. குடிவரவுக் கந்தோரில் பெயரை உச்சரிக்க மாட்டாமல் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார்களே, அந்த நினைப்புத்தான் வந்தது.

கையுறையோடு நின்றபடியே நாலு பக்கம் வாசித்தேன். அந்தப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். இதுதானா உங்கள் மொழி, வட்டம் வட்டமாக வடிவாயிருக்கிறது என்றாள். விலையையும் சொன்னாள். யோசித்து வருகிறேன் என்றேன். தமிழ் எழுத்தாகவே வரும் நாளில் வாங்கலாம் என்று மனதுக்குள் முடிவு கட்டியாயிற்று.

பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில்தான் சட்டைப்பையைத் தடவினேன். அட்டை வைத்த குட்டிப் பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அதற்குள் ஒன்றுமில்லை. அட்டை கடையில், பலகைக்குள். யாராவது தொடும்வரை, பற்றரி போனாலும்கூட, அந்த மல்லிகைப் பக்கம் மேசையில் அப்படியே நிற்கும். வருகிறவர்கள் ஸ்டிக்கர் என்று நினைப்பார்கள்.

கைபேசி அடித்தது. கையுறையைப் பல்லால் கழற்றி எடுத்தேன். மனைவி. கள்ளம் பிடிபட்டுவிட்டது.

“இஞ்சருங்கோ, அந்தச் சாமானை வாங்கிப்போட்டியளே?”

“இல்லையப்பா,” என்றேன், “குடுத்திட்டு வாறன்.”