பட்டயத்திற்கும் பட்டத்திற்கும் இடையே

பட்டயம், பட்டம் என்னும் இரு சொற்களுக்கும் இடையே ஓரெழுத்துதான் வேறுபாடு. கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஒரு மாணவிக்கு அந்த ஓரெழுத்தைக் கடப்பதில் ஓராண்டு வீணாயிற்று.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது அவர் பிறந்திருக்கவில்லை. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளி; அதன் ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டியது. தந்தையோ மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருவில் காவலாளி வேலை பார்த்து இரவில் திரும்புபவர். தங்கவயலில் பல்லாயிரம் குடும்பங்களின் நாள் அந்த ரயிலோடுதான் தொடங்கி முடிகிறது.

மின்னணுவியலில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்தார் அம்மாணவி. பட்டயம் பெற்றவர் கர்நாடகத்தில் டிசிஇடி எனப்படும் நுழைவுத் தேர்வை எழுதிப் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இதை அவருக்குக் கல்லூரியில் எவரும் எடுத்துச் சொல்லவில்லை. வீட்டில் சொல்லக்கூடியவர் இல்லை. அதே லைனில் குடியிருந்த, முன்பு அவ்வழியில் படித்த ஓர் அக்கா கேட்டறிந்தபோது விண்ணப்ப நாள் கடந்திருந்தது. அவ்வாண்டு முழுவதும் தந்தையுடன் அதே ரயிலில் சென்று ஒரு கடையில் கணக்கெழுதினார்.

மறு ஆண்டு அக்கா உடனிருந்தார். முதல் தடை பெயரில் வந்தது. மாணவியின் பெயரிலுள்ள ழகரம் கன்னட எழுத்தில் ளகரமாகிறது. ஆங்கிலத்தில் அதே ஒலி ஒரு சான்றிதழில் ஸெட்-எச் என்றும், மற்றொன்றில் எல் என்றும் பதிவாகியிருந்தது. தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நின்றது. தமிழ் பேசும் குடும்பம் கன்னட அலுவலகத்தில் ஆங்கிலத் தாளை நீட்டும்போது ஒருத்தியே மூவராகிவிடுகிறாள். மூவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் பெற வேண்டியதாயிற்று. அதற்குத் தந்தை ஒரு நாள் கூலியை இழந்தார்.

இரண்டாம் தடை கணிதம். நேரே இரண்டாம் ஆண்டில் சேர்பவர் முதலாண்டுக் கணிதத்தைப் படித்திருப்பதில்லை; ஆனால் அடுத்த பருவத்தின் பாடங்கள் அதன்மேல்தான் எழுகின்றன. விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இத்தகையோருக்குக் கூடுதல் கணிதத் தாள்களை வைத்ததன் காரணம் இதுவே. தாள் இருந்தது, கற்பிக்கும் நேரம் போதவில்லை. பங்காருப்பேட்டை தாண்டி உட்கார இடம் கிடைத்த பிறகு, அக்கா தொகை நுண்கணிதத்தை மடியில் வைத்த நோட்டில் விளக்கினார். முதல் பருவத்தில் ஒரு தாள் தவறியது. இரண்டாம் முறையில் தேறினார்.

இச்சிக்கல் தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் சேர்வோருள் பெரும்பாலோர் இளநிலைப் பட்டத்தை விரும்பியே நுழைகின்றனர், எட்டுவோர் சிலரே. அங்கும் பெற்ற மதிப்பலகுகள் புதிய இடத்தில் கணக்கில் வராமையும், வழிகாட்டுவார் இன்மையும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இந்தியாவில் 1995இல் புதுவையிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. 2021இல் மதிப்பலகு வங்கி வந்தது. ஆயினும், வங்கியில் சேர்ந்த மதிப்பலகு தானாக நடந்து சென்று ஒரு கல்லூரியின் கதவைத் தட்டுவதில்லை. தேர்வு நாளைச் சொல்லவும், பெயரைச் சரிபார்க்கவும், விடுபட்ட கணிதத்தைக் கற்பிக்கவும் ஒருவர் வேண்டும். அப்பணி இன்று ஊதியமும் பதவிப் பெயருமின்றி அக்காக்களின் தோளில் கிடக்கிறது. அதைத் தம் கடமையாக ஏற்கும் கல்லூரிகளில் மாணவர் ஓராண்டை இழக்க வேண்டியிராது.

அம்மாணவி இப்போது இறுதியாண்டில் இருக்கிறார். ஞாயிறுதோறும் பட்டய மாணவர் நால்வர் சான்றிதழ்க் கோப்புடன் அவர் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றனர். அவர் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை அன்று, பெயரின் எழுத்துகளை.