நாய்க்கு வயிறு உப்பினா எண்ணெய் ஊத்தாதீங்க

மாட்டுக்கு வயிறு உப்பினா என்ன பண்ணணும்னு எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்கும் தெரியும். மழை பெஞ்சு தளதளன்னு வளர்ந்த பயறுச் செடியையோ, விசேஷ வீட்டுல மிஞ்சின சோத்தையோ மாடு அளவில்லாம தின்னுடும். இடப்பக்க வயிறு மேலெழும்பி மத்தளம் மாதிரி ஆயிடும். உடனே நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ புகட்டுவாங்க. வாய்க்குள்ள குறுக்கா ஒரு குச்சியைக் கட்டி விடுவாங்க, அது அதை மென்னு மென்னு ஏப்பம் விடட்டும்னு. பல நேரம் சரியாயிடும். மாட்டு வயித்துல காத்து நுரையோட கலந்து நிக்கும், எண்ணெய் போனா நுரை உடையும், காத்து பிரிஞ்சு ஏப்பமா வெளியே வரும். பாட்டன் காலத்து வைத்தியம்னாலும் அதுல ஒரு நியாயம் இருக்கு.

சிக்கல் என்னன்னா, இதே வைத்தியத்தை நாய்க்கும் செய்யறாங்க. அங்க இந்த நியாயம் செல்லாது.

எங்க பக்கம் ராஜபாளையம் நாய் இல்லாத தோப்பு குறைவு. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டின வயிறு. 2005-ல அஞ்சல் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்கு தபால்தலை வெளியிட்டப்போ அதுல இதுவும் ஒண்ணு. சென்னை, கோவைன்னு எங்கிருந்தெல்லாமோ குட்டி கேட்டு வர்றாங்க. வர்றவங்க தடுப்பூசி பத்திக் கேப்பாங்க, உண்ணி பத்திக் கேப்பாங்க, கறி போடணுமான்னு கேப்பாங்க. வயிறு திருகிக்கிறதைப் பத்தி ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. உயரமா, நெஞ்சுக்கூடு ஆழமா, குறுகலா இருக்கிற எந்த நாய்க்கும் இது வரலாம். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், செயின்ட் பெர்னார்டுன்னு நீங்க ஃபிளாட்ல வளர்க்கிற பெரிய சாதிகளுக்கும் இது பொருந்தும். டாக்டருங்க 'ப்ளோட்'னும் 'ஜி.டி.வி.'ன்னும் சொல்றாங்க.

அரிசி மூட்டையோட வாயைத் திருகிக் கட்டறதைப் பாத்திருப்பீங்க. கிட்டத்தட்ட அதுதான் நடக்குது. இரைப்பையில காத்து நிரம்பி, பை ஊதி, அப்படியே ஒரு சுத்து திரும்பிடுது. சாப்பாடு உள்ள வர்ற வழியும் அடைபடுது, குடலுக்குப் போற வழியும் அடைபடுது. ஏப்பமும் வராது, வாந்தியும் வராது. உப்பின பை வயித்துல இருக்கிற பெரிய ரத்தக்குழாயை நசுக்குறதால இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் திரும்பாது. பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற மண்ணீரலும் சேர்ந்து முறுக்கிக்கும். இரைப்பைச் சுவர் ரத்தமில்லாம அழுக ஆரம்பிக்கும். எல்லாம் சில மணி நேரத்துக்குள்ள. வாயே அடைபட்ட மூட்டைக்குள்ள எண்ணெய் எப்படிப் போகும்? புரையேறி நுரையீரலுக்குத்தான் போகும்.

இதை நான் நேர்ல பாத்தது மச்சினன் தோப்புல. அவன் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். அன்னைக்குப் பகல்ல தோப்புக் கோயில்ல கிடா வெட்டு, மிச்சம் மீதி நிறைய. அவனோட வெள்ளையன், ஏழு வயசு, சாயங்காலம் ஒரே மூச்சுல ஒரு சட்டி சோறு தின்னுச்சாம். ராத்திரி ஒம்பது மணிக்கு மோட்டார் போடப் போனவன் அதைப் பாத்தேன். நிக்குது, நடக்குது, படுக்கப் பாக்குது, உடனே எந்திரிக்குது. வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது. வாந்தி எடுக்கிற மாதிரி உடம்பைக் குறுக்கி ஓங்கரிக்குது, ஆனா வெள்ளை நுரையும் எச்சிலும் தவிர ஒண்ணும் வரலை. அதிகமாத் தின்ன நாய் சும்மா மந்தமாப் படுத்துக் கிடக்கும். இதால படுக்க முடியலை. அந்த வித்தியாசத்தை நல்லா மனசுல வச்சுக்கங்க.

விலா எலும்பு முடியுற இடத்துல சுண்டிப் பாத்தேன், டங்குன்னு சத்தம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாத்தா, சிவப்பா இருக்க வேண்டியது வெளுத்துக் கிடக்கு. விரலால அழுத்தி எடுத்தா, ரெண்டு நொடிக்குள்ள ரத்தம் திரும்பணும். திரும்பலை. காவலுக்கு இருக்கிற பெரியவர் அதுக்குள்ள நல்லெண்ணெயும் சமையல் சோடாவும் எடுத்துட்டு வந்துட்டார். "வேணாம் பெரியவரே, மாடு வேற, இது வேற"ன்னேன். "நான் பாக்காத உப்புசமா தம்பி"ன்னு அவருக்கு வருத்தம்.

டவுன்ல இருக்கிற நாய் டாக்டருக்கு போன் போட்டேன். "நடக்க விடாதீங்க, ஒண்ணும் குடிக்கக் கொடுக்காதீங்க, உடனே தூக்கிட்டு வாங்க, நான் கிளினிக்கைத் திறந்து வைக்கிறேன்"னார். குட்டி யானையில சாக்கை விரிச்சுப் போட்டுக் கிளம்பினோம். முன்கூட்டி போன் பண்ணினது எவ்வளவு பெரிய விஷயம்னு போனப்புறம்தான் தெரிஞ்சது. நாங்க இறங்கும்போதே ஊசி, குளுக்கோஸ், எல்லாம் தயார். பெரிய ஊசியைக் குத்திக் காத்தை இறக்கினார். (இதைப் பாத்துட்டு யாரும் வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. இடம் தப்பினா மண்ணீரலைக் குத்திடும்.) எக்ஸ்ரேயில பை ரெண்டா மடிஞ்ச மாதிரி தெரிஞ்சது. "திருகிடுச்சு. வயித்தைத் திறந்தாத்தான் உண்டு. திறந்தாலும் எல்லா நாயும் பிழைக்கிறதில்லை. பதினெட்டாயிரம் ஆகும். நாய் உங்களுதா?"

நாய் என்னுது இல்லை. மச்சினனுக்கு அடிச்சா கல்யாண மண்டபத்துல எடுக்க மாட்டேங்கிறான். நாலாவது தடவை எடுத்தான், பின்னால நாதஸ்வரம். விஷயத்தைச் சொன்னேன். மோட்டார் காயில் கட்டறதுக்குன்னு அவன் வச்சிருந்த காசு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், அதனால அழுத்திச் சொல்லவும் வாய் வரலை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அறுக்கச் சொல்லுங்க அத்தான்"ன்னான். "மாப்ள, செலவு..."ன்னு இழுத்தேன். "தண்ணி ஒரு மாசம் உங்க கிணத்துல இருந்து விடுங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டான்.

பையை நேராக்கி, மறுபடி திரும்பாதபடி வயித்துச் சுவரோட சேத்துத் தைச்சு விட்டார். அந்தத் தையல்தான் முக்கியம். அது இல்லாம வெறுமனே காத்தை இறக்கி அனுப்பினா திரும்பவும் வர்றது சகஜம். மண்ணீரலை எடுக்க வேண்டி வரலாம்னார், வரலை. அதுக்கப்புறம் ரெண்டு ராத்திரி இதயத் துடிப்பு தாறுமாறாப் போகுதான்னு பாத்துட்டே இருந்தாங்க. மூணாம் நாள் வீட்டுக்கு வந்துச்சு. ஊர்ல அந்தக் காசுக்கு எத்தனை குட்டி வாங்கலாம்னு கணக்குப் போட்டவங்களுக்குக் குறைவில்லை.

எனக்கு இப்ப தோணுறது வேற ஒண்ணு. காலையில வயிறு உப்பி நாய் செத்துக் கிடந்தா எங்க பக்கம் ரெண்டே காரணம்தான், ஒண்ணு பாம்பு, இல்லேன்னா பக்கத்துத் தோப்புக்காரன் வச்ச விஷம். அதை வச்சு வருஷக்கணக்கா முகம் பாக்காத ரெண்டு குடும்பத்தை எனக்குத் தெரியும். செத்த உடம்பு எப்படியும் உப்பும், அதனால அந்த நாய்க்கு என்ன ஆச்சுன்னு இனி யாரும் சொல்ல முடியாது. ஆனா அது ராத்திரி முழுக்க ஓங்கரிச்சுக்கிட்டே இருந்துச்சுன்னு அந்த வீட்டு அம்மாவே என்கிட்ட சொல்லியிருக்காங்க.

தடுக்கிற வழின்னு பாத்தா பெரிய வித்தை இல்லை. அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துக்காரங்க 11 இனத்துல 1600-க்கும் மேல நாய்களை வருஷக்கணக்காக் கவனிச்சு 2000-ல எழுதினாங்க. வயசு ஏற ஏற ஆபத்து கூடுது. அவக் அவக்னு தின்னா கூடுது. தாய், தகப்பன், கூடப் பொறந்ததுக்கு வந்திருந்தா கூடுது. எனக்கு ஆச்சரியமா இருந்தது சாப்பாட்டுச் சட்டி சமாச்சாரம். கழுத்து வலிக்காதுன்னு ஸ்டாண்டு போட்டு உயரமா வைக்கிறீங்களே, அதுல ஆபத்து கூடுதலாம், குறையலை. டாக்டர் சொல்லாம ஸ்டாண்டு வேணாம்.

மச்சினன் இப்ப ஒரு வேளைச் சட்டியை மூணு வேளையாப் பிரிச்சுட்டான். சட்டி நடுவுல ஆத்துல எடுத்த வழவழப்பான கல் ஒண்ணு, வாய்க்குள்ள போகாத அளவுல. சோத்தைச் சுத்தி நக்கி நக்கித்தான் திங்கணும். தின்னு ஒரு மணி நேரம் கட்டிப் போடறான், முயலைப் பாத்து ஓடிடாம. தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கு.

வெள்ளையனோட மக ஒண்ணு அதே தோப்புல இருக்கு, ரெண்டு வயசு. தை மாசம் கருத்தடை பண்ணும்போதே அதுக்கும் பையைச் சேத்துத் தைச்சுடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். மச்சினன் ஒத்துக்கிட்டான். மோட்டார் காயில்தான் இன்னும் கட்டலை.