ரொக்‌ஷான், லூஷான் ஆன கதை

751ஆம் ஆண்டில் தலாஸ் ஆற்றங்கரையில் அப்பாஸியப் படையிடம் சீனத்துத் தாங் படை தோற்றது. தோற்றிருக்காவிட்டால்? வரலாற்றில் 'இருந்தால்' என்பதற்கு இடமில்லை என்றே ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை. சமர்கந்திலும் புகாராவிலும் வாழ்ந்த சொக்தியர் என்னும் ஈரானிய மக்கள் சீனராகியிருப்பார்களா?

ஆகியிருக்கமாட்டார்கள் என்பதே என் எண்ணம். அந்நகரங்களில் தாங் ஆட்சி பெரும்பாலும் உள்ளூர் மன்னர்களுக்குப் பட்டம் வழங்கியதோடு சரி. தலாஸில் வென்றிருந்தாலும், 755இல் உள்நாட்டுக் கலகம் மூண்டதும் மேற்கெல்லைப் படைகளைத் திருப்பியழைக்கத்தான் வேண்டியிருந்திருக்கும்.

அந்தக் கலகத்தின் தலைவர் ஆன் லூஷானின் தந்தை சொக்தியர், தாய் துருக்கியர். சீனாவில் குடியேறிய புகாராவாருக்கு 'ஆன்' என்றும் சமர்கந்தாருக்கு 'காங்' என்றும் குடும்பப்பெயர். லூஷான் என்பது சொக்திய 'ரொக்‌ஷான்'; ஒளி என்று பொருள். கலகத்தின் பின் 'ஆன்' என்ற பெயரே பழியாயிற்று. கலகக்காரரோடு ஒரே பெயரைச் சுமப்பதை அவமானமாகக் கருதி, 'லீ' என்று மாற்றிக்கொண்ட தளபதியும் இருந்தார்.

கரைந்து போனவர்கள், ஆகவே, படையெடுப்பில் தோற்றவர்களல்லர். வணிகத்துக்காகத் தாமே போனவர்கள். அவர்களுள் ஒருத்தியின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. துன்ஹுவாங்குக்கு அருகே 1907இல் ஔரெல் ஸ்டைன் கண்டெடுத்த சொக்தியக் கடிதங்கள் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தவை. கணவன் கைவிட்டுப் போன மிவ்னாய் என்ற பெண் ஆத்திரத்தோடு அவனுக்கு எழுதுகிறாள். கடைசியில் மகள் சேர்க்கிறாள்: நானும் உம்மாவும் சீனருக்குப் பணியாட்களாகிவிட்டோம் என்று. பண்பாட்டுக் கலப்பு என்று நாம் பெரிதாகப் பேசுவது அந்தப் பிள்ளைக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. கடிதம் உரியவனிடம் போய்ச் சேரவுமில்லை.

ஊரிலேயே இருந்தவர்கள் முஸ்லிம்களானார்கள். ஆனால் அவர்களது வாயில் வந்தது அரபு அன்று, பாரசீகம். சொக்திய மொழி அங்கும் மெல்ல மறைந்தது. அரபு வணிகரின் வழிவந்தோம் என்று சொல்லிக்கொண்டு தமிழில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காத கதையல்ல. நமக்கு மொழி மாறியது, பெயர் நின்றது. அந்தச் சீனத்துச் சொக்தியருக்கு இரண்டுமே போயின.

சொக்திய மொழியின் ஒரு கிளை மட்டும் தஜிகிஸ்தானின் யக்னோப் பள்ளத்தாக்கில் பிழைத்துக் கிடந்தது. அரபியரோ சீனரோ தேடிப் போகாத மலைக் கிராமங்கள் அவை. 1970இல் சோவியத் அரசு அம்மக்களைச் சமவெளியின் பருத்தி வயல்களுக்குக் கட்டாயமாக இறக்கியது. பின்னர் சில குடும்பங்கள் திரும்பி மலையேறின.