எக்ஸ்பி பெட்டிக்குள் இருக்கும் ஊர்

நவம்பர் 6, 2025, வியாழன்

ஐப்பசிப் பௌர்ணமிக் கூட்டம் திருவண்ணாமலையைவிட்டு வடிந்துவிட்டது. இனி எல்லார் பேச்சும் டிசம்பர் 3 கார்த்திகை தீபத்தைப் பற்றித்தான். அன்னதான நோட்டீஸ், உபயதாரர் அழைப்பிதழ், சுவரொட்டி என்று அச்சகங்கள் தூங்காத மாதம் இது. திருவூடல் தெருப் பக்கம் ஓர் அச்சகத்திலிருந்து இன்று என்னைக் கூப்பிட்டார்கள்.

“தம்பி, ஆன்டிவைரஸ் காலாவதின்னு தினமும் சிவப்புக் கட்டம் வருது. நல்லதா ஒண்ணு மாத்திக் குடு. விண்டோஸ மட்டும் தொட்டுடாத” என்றார் உரிமையாளர்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. அதன்மேல் பேஜ்மேக்கர் 7. அதுதான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு; 2001இல் வந்தது. அதற்கு யூனிகோட் தெரியாது. இத்தனை ஆண்டு நோட்டீஸ்களும் பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. லேசர் பிரின்டருக்கும் புதிய விண்டோஸில் டிரைவர் கிடையாது. எக்ஸ்பியை எடுத்துவிட்டால் தீபத்துக்கு முன்னால் அச்சகமே நின்றுபோகும்.

நவம்பர் 7, வெள்ளி

ஆன்டிவைரஸைத் தொடும் முன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கும்பாபிஷேகப் பத்திரிகைகள், தெருவாரியாக நன்கொடையாளர் பட்டியல்கள், கல்யாணப் பத்திரிகைகள், கண்ணீர் அஞ்சலிகள். சில குடும்பங்களில் மூன்று தலைமுறைப் பெயர்கள் இதில் இருக்கின்றன. வேறெங்கும் இதற்கு நகல் இல்லை. நான் காப்பாற்ற வேண்டியது இதைத்தான்.

பென் டிரைவிலிருந்தே துவங்கும் லினக்ஸைப் போட்டு, எக்ஸ்பியை எழுப்பாமலே எல்லாவற்றையும் வெளி வட்டுக்கு நகலெடுத்தேன். எக்ஸ்பி ஓடினால் உள்ளே இருக்கும் வைரஸும் சேர்ந்து ஓடும். புது வட்டிலும் ஏறிக்கொள்ளும்.

எதிர்பார்த்தபடியே ஷார்ட்கட் வைரஸ் இருந்தது. பென் டிரைவில் உள்ள ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைத்துவிடும். வாடிக்கையாளர் தன் ஃபோல்டர் என்று நினைத்து அதைத் திறப்பார். வைரஸ் ஓடும், ஃபோல்டரும் திறக்கும், சந்தேகமே வராது. கோப்புகள் அழிவதில்லை, மறைந்துதான் இருக்கின்றன. பயந்துபோய் பென் டிரைவை ஃபார்மட் செய்கிறவர்கள்தான் நிஜமாகவே அவற்றை இழக்கிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

எதைப் போடுவது? கடையில் கேட்டால் விலை சொல்வார்கள். விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாமே முதலிடம். பழைய விண்டோஸுக்கு என்று வரும்போது நான் கேட்பது மூன்றே கேள்விகள்.

ஒன்று, இந்த விண்டோஸுக்கு வைரஸ் பட்டியலை இன்னும் அனுப்புகிறார்களா? நிறுவ முடிகிறது என்பதாலேயே பட்டியல் வருகிறது என்று ஆகாது. எக்ஸ்பிக்கான கடைசிப் பதிப்பைப் பல நிறுவனங்கள் அப்படியே நிறுத்திவிட்டன. மைக்ரோசாஃப்டே எக்ஸ்பியின் ஆதரவை 2014 ஏப்ரல் 8இல் நிறுத்தியபின் 2015 ஜூலை வரைதான் தன் ஆன்டிவைரஸுக்குப் பட்டியல் அனுப்பியது.

இரண்டு, பட்டியலைத் தனிக் கோப்பாக எடுத்துவந்து போட முடியுமா? இன்றைய சர்வர்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 இணைப்பு முறை எக்ஸ்பிக்குத் தெரியாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி விட்டால் பல மாதம் பழைய பட்டியலோடு கிடக்கும்.

மூன்று, ஒரு ஜிபி மெமரியில் பேஜ்மேக்கருக்கும் இடம்விட்டு இது ஓடுமா?

வெளிநாட்டுப் பெயர்களை மட்டும் தேட வேண்டியதில்லை. கே7 சென்னை நிறுவனம். 1991இல் கேசவர்தனன் தொடங்கியது. குவிக் ஹீல் புனேயில் காட்கர் சகோதரர்கள் வளர்த்தது. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் பாட் வைரஸ்களை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. யாருடையது என்றாலும் அதே மூன்று கேள்விகளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

“நல்ல ஆன்டிவைரஸ் போட்டுட்டா அப்புறம் பயமில்லல்ல?” என்று உரிமையாளர் கேட்டார். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியாக வேண்டும்: பயம் இருக்கிறது, அண்ணா.

ஆன்டிவைரஸ் செய்வது அடையாளம் காண்பது. விண்டோஸில் உள்ள ஓட்டையை அடைப்பது மைக்ரோசாஃப்ட் அனுப்பும் திருத்தம். இரண்டும் வேறு வேறு வேலைகள். கூரை ஒழுகும் வீட்டில் வாசலுக்குப் புதுப் பூட்டுப் போட்டால் திருடன் வராமல் இருக்கலாம், மழை நிற்காது.

2017 மே 12 அன்று வான்னக்ரை என்ற வைரஸ் பரவியது எந்தக் கோப்பையும் யாரும் திறந்ததால் அல்ல. கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில் இருந்த ஓட்டை வழியே, கணினியிலிருந்து கணினிக்குத் தானாகவே தாவியது. ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது. கைவிடப்பட்டிருந்த எக்ஸ்பிக்குத் தாக்குதலுக்குப் பிறகுதான் அவசரமாகக் கொடுத்தார்கள். திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் மாட்டிக்கொண்டதாகச் செய்தித்தாளில் வந்தது. கோயில் ஊர் என்று வைரஸ் ஒதுங்கிப் போவதில்லை.

இந்த ஆபத்தைத் தமிழ்நாடு அரசு முன்பே உணர்ந்திருந்தது. எக்ஸ்பிக்கு ஆதரவு நிற்கப்போகிறது என்று 2014இலேயே, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவும்படி தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. ஆன்டிவைரஸை மாற்றச் சொல்லவில்லை, அடித்தளத்தையே மாற்றச் சொன்னது. சிறிய அச்சகத்துக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

நவம்பர் 12, புதன்

மாற்று வேலை இன்று. முதலில் பழைய ஆன்டிவைரஸை முழுதாக எடுத்தேன். கன்ட்ரோல் பேனலில் நீக்கினால் மட்டும் போதாது. அதன் டிரைவர்கள் அடியில் தங்கிவிடும். அதற்கென்று அந்தந்த நிறுவனமே நீக்கும் கருவி தருகிறது. சேஃப் மோடில் துவக்கி அதை ஓட்ட வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று இங்கே பலர் நம்புகிறார்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்க்கும், கணினி தவழும், சில சமயம் ஒன்று மற்றதையே வைரஸ் என்று பூட்டிவைக்கும். ஒரு கணினிக்கு ஒன்றுதான்.

பிறகு மீட்பு வட்டில் துவக்கி வட்டு முழுக்க அலசினேன். அது சுத்தம் என்று சொன்னபின் புதியதை நிறுவி, பட்டியலைத் தனிக் கோப்பாகக் கொண்டுவந்து போட்டேன்.

இன்னொரு கணினி விண்டோஸ் 7. அதில் புதிய ஆன்டிவைரஸ் நிறுவவே மறுத்தது. காரணம் தெரிந்ததுதான்: 2019 மார்ச்சில் வந்த எஸ்எச்ஏ-2 திருத்தம் அதில் இல்லை. அது இல்லாத விண்டோஸ் 7, புதிய மென்பொருளின் டிஜிட்டல் கையொப்பத்தைச் செல்லாது என்று தள்ளிவிடும். திருத்தத்தைப் போட்டதும் ஏறிக்கொண்டது.

நவம்பர் 15, சனி

உண்மையான பாதுகாப்பு இன்றுதான் வந்தது. எக்ஸ்பியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டேன். இனி அதற்கு இன்டர்நெட் இல்லை. பக்கத்துக் கணினியோடும் பேச்சு இல்லை.

“அப்போ முன் கம்ப்யூட்டர்லேர்ந்து ஃபைல் எப்படி அனுப்பறது, சார்?” என்று டைப் அடிக்கும் பெண் கேட்டார். எக்ஸ்பிக்குத் தெரிந்தது அந்த எஸ்எம்பி 1 மட்டுமே. அதோடு பேசுவதற்காக முன்னால் இருக்கும் விண்டோஸ் 10 கணினியிலும் அதைத் திறந்துவிட்டால், பழையதன் ஆபத்தைப் புதியதற்கும் கொடுத்ததாகும். ஆகவே இரண்டுக்கும் நடுவே அச்சகத்தின் சொந்த பென் டிரைவ் ஒன்று மட்டும் போய்வரும். வாடிக்கையாளரின் பென் டிரைவும் வாட்ஸ்அப் கோப்பும் முன் கணினியில்தான் திறக்கப்படும். அங்கே அலசிய பிறகே உள்ளே போகும். எக்ஸ்பியில் ஆட்டோரன்னையும் அணைத்துவிட்டேன்.

விண்டோஸ் 7இல் இனி வங்கி வேலை வேண்டாம் என்று சொன்னேன். குரோம் 109தான் அதில் ஓடும் கடைசிக் குரோம். பில் போடுவதோடு நிற்கட்டும்.

நவம்பர் 19, புதன்

முன் கணினியின் விண்டோஸ் 10க்கும் அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தேன். அது 2026 அக்டோபர் 13 வரை. அதில் உள்ள டிஃபென்டர் ஆன்டிவைரஸுக்கு 2028 அக்டோபர் வரை பட்டியல் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால் உரிமையாளருக்கு நான் சொன்னது விளங்கும்: திருத்தம் நின்ற பிறகும் பட்டியல் வந்துகொண்டிருக்கும், பச்சைக் குறி எரியும், ஓட்டை திறந்தே கிடக்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

நாளை தீபத் திருவிழாக் கொடியேற்றம். நோட்டீஸ் வேலை தடையில்லாமல் நடக்கிறது.

உரிமையாளரோடு உட்கார்ந்து அடுத்த வேலையைத் தீர்மானித்தோம். தீபம் முடிந்ததும், பழைய எழுத்துருவில் கிடக்கும் நன்கொடையாளர் பட்டியல்களையும் பத்திரிகைகளையும் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியில் யூனிகோடுக்கு மாற்றுவது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. மாற்றும்போது ஒற்றெழுத்துகள் சில இடங்களில் சிதறும். ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் படித்துத் திருத்த வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் எக்ஸ்பியை நிம்மதியாக நிறுத்த வேறு வழி கிடையாது.

பழைய விண்டோஸுக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று கேட்பவர்களுக்கெல்லாம் இனி நான் சொல்லப்போவது இதுதான். முதலில் நகல். அடுத்து, இணையத்திலிருந்து பிரிப்பு. மூன்றாவதாகத்தான் ஆன்டிவைரஸ். அது வாங்கித் தரும் அவகாசத்துக்கு ஒரு முடிவுத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். இந்த அச்சகத்தில் அடுத்த கார்த்திகைக்கு முந்தைய மாதம் என்று குறித்திருக்கிறோம்.