ஈசா டவுனில் ஒரு கண்

1994ஆம் ஆண்டு. அகதியாய் ஐரோப்பா வந்து சேருவதற்கு முன் கொஞ்சக்காலம் பஹ்ரைனில், ஈசா டவுனில் இருந்தேன். பக்கத்து வீட்டில் திருநெல்வேலி அண்ணாச்சி குடும்பம். மூன்று வயது மகன் என்னோடு நல்ல ஒட்டு.

ஒருநாள் அவன் இடது கண்ணுக்குள் இரத்தம். விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. சில வாரங்களில் கருவிழி தேத்தண்ணி நிறமாகிவிட்டது. கண்ணின் முன்னறையில் இரத்தம் தேங்கி அழுத்தமும் கூடினால், அந்த நிறம் கண்ணாடி போன்ற முன்படலத்தில் ஊறிவிடுமாம். தானாகத் தெளிய மாதங்கள், சிலவேளை வருடங்கள் ஆகும். அதற்குள் பிள்ளையின் கண் பார்க்கவே மறந்துவிடும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இரத்தத்தைக் கழுவச் சொல்லுங்கோ அண்ணாச்சி. சரிவராவிட்டால் எங்கட நாட்டிலிருந்து கண் எடுப்பிக்கலாம்" என்றேன். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கம், 1964இலிருந்து வெளிநாடுகளுக்குக் கண் அனுப்பி வந்தது. என்னை ஓடவைத்த நாடுதான். ஆனாலும் அந்த ஒரு விசயத்தில் எனக்குப் பெருமை.

டொக்டர் கத்தி வைக்க மறுத்துவிட்டார். முதலில் ஸ்கேன் என்றார். அண்ணாச்சிக்குக் கோபம். "ரத்தத்தைக் கழுவ இவ்வளவு யோசனையா தம்பி?" என்று என்னிடம் கத்தினார். நானும் ஆமாம் போட்டேன்.

ஸ்கேனில் தெரிந்தது விழித்திரைப் புற்றுநோய். கறை படிந்த கருவிழி அதை மறைத்திருந்தது. அந்தக் கண்ணைத் திறந்து கழுவியிருந்தால் புற்று வெளியே பரவியிருக்கும். புதுக் கருவிழி வைத்தும் பயனில்லை. சென்னைக்குக் கொண்டுபோய்க் கண்ணை முழுதாக எடுத்தார்கள். நல்லகாலம், மற்றக் கண்ணில் ஒன்றுமில்லை.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. என் பேச்சைக் கேட்டு அவர் வேறு டொக்டரிடம் போய்க் கழுவுவித்திருந்தால்?

அவனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. செயற்கைக் கண்ணோடு கார் ஓடுகிறான். போன வருடம் தொலைபேசியில் "சித்தப்பா" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ, அடிபடாமல் கண்ணுக்குள் இரத்தம் வந்தாலோ உடனே கண் டொக்டரிடம் போங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தபிறகுதான் கத்தி. பக்கத்து வீட்டுக்காரன் சொல்வதைக் கேட்காதீர்கள். அது நானாக இருந்தாலும்.